பெர்னார்ட் ஒளித்துவைத்த இரண்டு ஃபைல்

ஈசூன்,
19 நவம்பர் 1989

அன்பு மகள் உர்சுலாவுக்கு,

அப்பா லாசரஸ் எழுதுகிறேன். மாதா காப்பில் இங்கே அம்மாவுக்கு முட்டிவலி, உன் தங்கை ஜோனுக்குப் பரீட்சை, எனக்கு என் வாய், இந்த மூன்றைத் தவிர வேறு தொல்லை இல்லை, மெல்பர்னில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். போன மாதம் நான் போட்ட கடிதம் உன் கைக்கு வந்திருக்கும். பெர்னார்ட்டை மறந்துவிடு, அவன் நம் குடும்பத்துக்குச் சரிப்பட மாட்டான் என்று நான்கே வரியில் முடித்திருந்தேன். நீ பதில் போடவில்லை. போன் செய்தாலும் அம்மாவிடம் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய், அப்பா பக்கத்தில்தான் இருக்கிறார் என்று அவள் சொன்ன பிறகு இன்னும் சீக்கிரம் வைத்துவிடுகிறாய். காரணம் சொல்லாமல் எழுதியது தப்பு. இதில் எழுதுகிறேன், முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

பெர்னார்ட்டைக் கட்டிக்கொள்ள எங்கள் சம்மதம் கேட்டு நீ எழுதினாய் அல்லவா, அடுத்த வாரமே அவன் தன்னுடைய பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து, ஜோன் படிப்புக்கு இருக்கட்டும் அங்கிள் என்று வைத்துவிட்டுப் போனான். எனக்கு அப்போதே உறுத்தியது. பெண் கேட்கிறவன் பழம் கொண்டுவருவான், இவன் எதற்குக் கம்ப்யூட்டர் கொண்டுவருகிறான்? அதோடு காப்பியில் சீனி வேண்டாம் என்கிறான். இருபத்தெட்டு வயதில், நோய் நொடி இல்லாமல், பாலும் சீனியும் இல்லாத காப்பி ஓ கோசோங் குடிக்கிற பையனை நான் முழுதாக நம்புவதில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறான், மற்ற நேரம் சிரிக்கிறான். கோயிலில் பாடும்போதுதான் வாய் திறக்கிறது. அம்மாவிடம் சொன்னதற்கு, உங்களுக்குச் சந்தேகப்பட ஆள் கிடைக்கலன்னா கண்ணாடியைப் பார்த்துச் சந்தேகப்படுவீங்க என்றாள்.

அந்த நேரம் பார்த்து, பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை வருகிறது, அன்றைக்கு வைரஸ் கிளம்பிக் கம்ப்யூட்டரில் உள்ளதையெல்லாம் தின்றுவிடும் என்று பேப்பரில் வந்தது. உடனே நம் வீட்டுக் கம்ப்யூட்டரைச் சோதித்துக் காட்டு என்று ஜோனை உட்கார வைத்தேன். அவள் ஏதோ தட்டினாள், இத்தனை ஃபைல் என்று எண்ணிக்கை வந்தது, அதற்கு மேலே, மறைந்திருக்கும் ஃபைல் இரண்டு என்றும் வந்தது. எங்கே அந்த இரண்டு, காட்டு என்றேன். பட்டியல் போட்டால் அவை மட்டும் வரவில்லை. தஞ்சோங் பகார் துறைமுகக் கிடங்கில் இத்தனை வருடம் ஸ்டோர்கீப்பராகக் குப்பை கொட்டியவன் நான். கணக்கில் இருக்கிற மூட்டை கண்ணில் இல்லை என்றால் அங்கே ஒரே அர்த்தம்தான். அப்பா, அது சும்மா ஃபைல் லா, எல்லாத்துலயும் இருக்கும் என்றாள் ஜோன். சும்மா இருப்பது எதற்கு ஒளிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டேன். அவளுடைய பாலிடெக்னிக்கில் சோதித்தால் அங்கேயும் இரண்டு இருந்ததாம். நான் நம்பாமல் கோயில் ஆபீஸுக்குப் போய்ப் பங்குச் சாமியாரைத் தட்டிப் பார்க்கச் சொன்னேன். அங்கேயும் இரண்டு. அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும், எனக்கு என்ன தோன்றியது தெரியுமா, கோயில் கம்ப்யூட்டரைப் பழுது பார்த்ததும் பெர்னார்ட்தானே என்றுதான். இடையில் ஒரு நிமிடம் சாமியார்மேலும் சந்தேகம் வந்தது, பாவசங்கீர்த்தனத்தில் அதையும் சொல்லியாயிற்று.

சரி, நம் பங்குக்கு ஒரு காவல் இருக்கட்டும் என்று, வேனை விற்றபோது கழற்றி வைத்திருந்த அந்தோனியார் சுரூபத்தை எடுத்து, ஜோன் டிஸ்குகள் வைக்கிற பெட்டிமேல் வைத்தேன். அந்த வெள்ளிக்கிழமை ஒன்றும் ஆகவில்லை. மறுவாரம் ஜோன் அலறினாள், பாலிடெக்னிக்கில் கொடுக்க எழுதி வைத்திருந்ததெல்லாம் டிஸ்கில் இல்லை. நான் துள்ளிக் குதித்தேன், சந்தோஷத்தில் என்றே சொல்ல வேண்டும். பார்த்தாயா அவன் ஒளித்துவைத்தது வேலையைக் காட்டிவிட்டது என்று சொல்லி, பெர்னார்ட்டுக்குப் போன் போட்டு இனிமேல் நம் வீட்டுப் படி ஏறாதே என்றேன். சரி அங்கிள், ஜோன் டிஸ்கை மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க என்றான். அதையும் திமிர் என்று எடுத்துக்கொண்டு உட்கார்ந்து உனக்கு அந்த நான்கு வரியை எழுதினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அம்மாவே அவனைக் கையோடு கூட்டிவந்துவிட்டாள். நான் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த ரெண்டும் அதோட சொந்த ஃபைல் அங்கிள், அது இல்லன்னா கம்ப்யூட்டர் எழுந்திரிக்கவே எழுந்திரிக்காது, யாரும் தெரியாம அழிச்சிடக்கூடாதுன்னுதான் மறைச்சு வச்சிருக்காங்க என்றான். யாரும் என்றது என்னைத்தான். அப்படியானால் ஜோன் எழுதியதைத் தின்றது யார் என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்டேன். அவன் பெட்டிப் பக்கம் போய் அந்தோனியாரைத் தூக்கினான். பக்கத்தில் கிடந்த கத்தரிக்கோலும் அவரோடு சேர்ந்து எழுந்து வந்தது. வேனில் ஒட்டி நிற்க அவர் காலடியில் காந்தம் வைத்திருந்தார்களே, அது டிஸ்கில் உள்ளதையெல்லாம் துடைத்துவிட்டதாம். காணாமல் போனதைத் தேடித் தருகிறவரைக் கொண்டே காணாமல் போக்கியவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அம்மா சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு ஆயிஷா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

பெர்னார்ட் சிரிக்கவில்லை. எப்போதும் சிரிக்கிறவன் அன்றைக்கு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் இருந்தான். அம்மா பதற்றத்தில் சீனி போட்டுக் கொடுத்த காப்பியையும் அப்படியே குடித்துவிட்டு, உட்கார்ந்து ஜோனுக்கு மறுபடி எழுத உதவினான். எனக்கு அதிலும் ஒரு சந்தேகம், இந்தப் பையனுக்குக் கோபமே வராதா? உன்னிடம் எப்போதாவது கோபப்பட்டிருக்கிறானா, மறைக்காமல் எழுது. கொஞ்சம் கோபப்படுகிறவன் என்றால் எனக்கு நிம்மதி.

அவன் போகும்போது லிஃப்ட் வரை நானும் போனேன். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை, அடுத்த ஞாயிறு உன் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா, பேச வேண்டியதைப் பேசுவோம் என்றேன். லிஃப்ட் வந்து கதவு மூடிப் போனது, அவன் ஏறவில்லை, தேங்க்ஸ் அங்கிள் என்று அங்கேயே நின்றான். இன்றைக்கு வந்து பேசிவிட்டுப் போனார்கள். எங்களுக்குச் சம்மதம் மகளே. தேதியை நீ லீவு பார்த்துச் சொல். போன கடிதத்தைக் கிழித்துப் போடு, அம்மா மாதிரி பத்திரப்படுத்தி வைக்காதே.

ராத்திரிக் குளிருக்குக் காதை மூடிக்கொள், நைட் ஷிஃப்ட் என்றால் வயிற்றைக் காயப்போடாதே. தேவமாதா உன் தலைமேல் கைவைத்துக் காக்கட்டும். இந்த முறை போன் செய்தால் அப்பாவிடமும் இரண்டு வார்த்தை பேசு.

உன் அன்பு அப்பா,
லாசரஸ்

இன்னொன்று: அந்தோனியாரை டிவிமேல் மாற்றி வைத்திருந்தேன். நேற்றிலிருந்து படம் ஒரு மூலையில் பச்சையாகத் தெரிகிறது. பெர்னார்ட்மேல் பழி போடாமல் நானே எழுந்து போய் அவரை எடுத்துவிட்டேன்.