ஐம்பத்திரண்டு கிலோ பாட்டு

அனுப்புநர்:
ஸ். செல்வமேரி (வயது 33),
க/பெ. ஸ்தனிஸ்லாஸ்,
காப்பிக்கொட்டை பொறுக்கும் தொழிலாளி,
லைன் வீடு எண் 14, கல்லோடை எஸ்டேட்,
கொட்டச்சேடு அஞ்சல், ஏற்காடு வட்டம், சேலம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு தோட்டத் தொழிலாளர் ஆய்வாளர் அவர்கள்,
சேலம்.

பொருள்: கொட்டை பொறுக்கும் கொட்டகையில் ஆப்பிரிக்கக் குரல்கள் கலந்த ஆங்கிலப் பாட்டு ஒன்றை நாள் முழுவதும் ஓடவிட்டு, ஒரு நாள் அளவை 40 கிலோவிலிருந்து 52 கிலோவாக உயர்த்தியது – திருமதி பொன்னாயி என்பவரின் பெயர் வேலைப் பட்டியலிலிருந்து வெட்டப்பட இருப்பது – அளவைப் பழையபடி ஆக்கித் தர வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: எஸ்டேட் மேனேஜர் அவர்களின் அறிவிப்பு, நாள் 20-1-1992.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி எஸ்டேட்டில் நான் பதினோரு வருடமாக வேலை பார்த்து வருகிறேன். உலர்ந்த காப்பிக்கொட்டையை முறத்தில் கொட்டி, கறுத்ததையும் உடைந்ததையும் பூச்சி அரித்ததையும் கையால் பொறுக்கி எடுப்பது எங்கள் வேலை. கொட்டகையில் நாற்பத்தெட்டுப் பெண்கள் நான்கு வரிசையாக உட்கார்ந்திருக்கிறோம். பொறுக்கிச் சுத்தம் செய்த கொட்டை ஆளுக்கு நாளொன்றுக்கு நாற்பது கிலோ என்பதுதான் நான் வேலைக்குச் சேர்ந்த நாள் முதலாக இருந்த அளவு. எட்டாம் வகுப்பு வரை படித்தவள் என்பதால் இம்மனுவை நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2. இம்மனு யாருக்காகவோ அவரை முதலில் சொல்லிவிடுகிறேன். திருமதி பொன்னாயி, வயது ஐம்பத்தைந்து இருக்கலாம், அவருக்கே சரியாகத் தெரியாது. கரடியூர்க்காரர். கணவர் இல்லை, பிள்ளை இல்லை. பத்தொன்பது வருடமாக மூன்றாவது வரிசையில், எனக்கு இடப்பக்கம் உட்காருகிறார். அந்தப் பாட்டு நாள் முழுவதும் ஓடத் தொடங்குவதற்கு முன் ஒரு நாள்கூட அவர் அளவு குறைந்தது கிடையாது. லைன் வீடு எண் 9-இல் தனியாக இருக்கிறார். பெயர் வெட்டப்பட்டால் அந்த வீடும் போய்விடும். கரடியூரில் கொழுந்தனார் வீட்டில் ஒரு வேளை சோறு போடுவார்கள், மறுவேளைக்கு எப்போது கிளம்புகிறாய் என்று கேட்பார்கள். இது அவர் வாயால் சொன்னது.

3. கொட்டகையில் எடைக் கணக்கு எழுதும் ரைட்டர் திரு. மாதேஸ்வரன் ஒரு டேப் ரிக்கார்டர் வைத்திருக்கிறார். அதில் சினிமாப் பாட்டுப் போடுவது வழக்கம். அதற்கு நாங்கள் யாரும் எதிர்ப்புச் சொன்னதில்லை. சென்ற டிசம்பர் மாதம் அவர் ஏற்காட்டில் திரு. நூர் முகமது கடையில் ஒரு கேசட் பதிவு செய்து வாங்கி வந்தார். கேட்ட பாட்டெல்லாம் ஏற்றியும் கடைசியில் ஏழு நிமிட நாடா மிச்சமாம். வெறும் நாடாவாகக் கொடுக்கக் கூடாதென்று நூர் முகமது அவர்கள் தம் விருப்பத்துக்கு ஒரு ஆங்கிலப் பாட்டை அதில் ஏற்றிவிட்டார். அவர் நல்ல மனிதர். அவர் மேல் எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை.

4. அந்தப் பாட்டில் வெள்ளைக்காரர் ஒருவர் ஆங்கிலத்தில் ஒரு வரி பாடுவார். உடனே ஆப்பிரிக்கா தேசத்து ஆண்களும் பெண்களும் பெருங்கூட்டமாக அவர்கள் பாஷையில் பதில் பாடுவார்கள். அடியில் கனத்த குரல், நடுவில் ஒன்று, மேலே பெண்களின் கூவல். நான் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவள். குரல் மேல் குரல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். முதல் தடவை கேட்டபோது முறத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

5. ஆனால் கொட்டகை இரண்டாகிவிட்டது. முதல் வரிசைச் சின்னத்தாயி, "இது என்னுங்க பாட்டு, எழவு ஊட்டுல கூடி அழுவறாப்புல இருக்குது, நிறுத்துங்க" என்று கத்தினார். எங்கள் வரிசையில் சிலர், நம் கோயில் நோன்பில் பெண்கள் கூடிப் பாடுவது மாதிரியே இருக்கிறது என்றார்கள். வேறு சிலர், ஆப்பிரிக்காக்காரர்கள் தனியாகப் பாடினால் சரி, வெள்ளைக்காரர் தனியாகப் பாடினாலும் சரி, இரண்டையும் போட்டுக் கலக்கியதுதான் பிடிக்கவில்லை என்றார்கள். கலந்ததால்தானே அழகு என்று நான் வாதாடினேன். நான்கு குரலைக் கலக்காமல் கோயிலில் பாட முடியுமா என்று கேட்டேன். கடையில் அந்தப் பாட்டின் அசல் கேசட் அட்டையில் வெள்ளைக்காரர் படம் மட்டும்தான் இருந்தது என்று ரைட்டர் சொன்னதும் சண்டை இன்னும் முற்றியது. அத்தனை பேர் தொண்டை வற்றப் பாட, படம் ஒருத்தருக்கா என்று நான்காவது வரிசை முழுவதும் சின்னத்தாயி பக்கம் போய்விட்டது. ஒரே பானையில் தண்ணீர் குடித்தவர்கள் தனித்தனிச் செம்பு கொண்டுவந்தார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஐயா.

பொன்னாயி அவர்களின் கருத்து தனி. "அந்த மனுசன் குறுக்க குறுக்க வராம செத்த சும்மா இருந்தாருன்னா, பாவம், அவுங்க பாடி முடிச்சுருவாங்க" என்றார். எல்லாரும் சிரித்தோம். அன்று சிரித்ததுதான்.

6. சண்டை பெருகவே, 14-12-1991 சனிக்கிழமை ரைட்டர் கை தூக்கச் சொன்னார். பாட்டு வேண்டும் என்று இருபத்தொன்பது பேர், வேண்டாம் என்று பதினெட்டுப் பேர். பொன்னாயி இரண்டு தடவையும் கை தூக்கினார். ஏன் என்று கேட்டதற்கு, "அவுங்க வேணும், அந்தாளு வேண்டாம்" என்றார். ரைட்டர் அவரையும் வேண்டும் பக்கம் எழுதி முப்பது என்று கணக்கு முடித்தார். முப்பது பேரும் ஒரு தாளில் கையொப்பமோ ரேகையோ வைத்தோம். அதில் மோசடி எதுவும் இல்லை. "மேற்படி பாட்டு எங்களுக்கு வேண்டும்" என்றுதான் எழுதியிருந்தது, நானே வாசித்துக் காட்டினேன். முதல் கையொப்பம் என்னுடையது. மதில் மேல் பூனையாக இருந்த நாலைந்து பேரை இழுத்துச் சேர்த்ததும் நான்தான்.

7. அதன்பின் ரைட்டர் அந்தப் பாட்டையே ஒரு கேசட்டின் இரண்டு பக்கமும் நிறையப் பதிவு செய்து வந்து காலை முதல் மாலை வரை ஓடவிட்டார். எப்படி நடந்தது என்று எங்களுக்கே தெரியவில்லை. அவர்கள் பதில் பாடும் இடத்தில் கொட்டகை முழுவதும் கைகள் ஒன்றாகப் போய்வர ஆரம்பித்தன. வேண்டாம் என்றவர்களின் கையும் அப்படியே. சின்னத்தாயி ஐம்பத்தைந்து கிலோ பொறுக்கினார். கேட்டால், "எப்படா முடியுமுன்னு வெறி புடிச்சுப் பொறுக்கறனுங்க" என்கிறார். இரண்டு வாரம் எங்களுக்குத் தெரியாமல் எடையைக் குறித்து வைத்திருந்து, 6-1-1992 முதல் நாள் அளவு ஐம்பத்திரண்டு கிலோ என்று மேனேஜர் துரை அவர்கள் உத்தரவு போட்டார். தொடர்ந்து குறைகிறவர்களின் பெயர் வெட்டப்படும் என்றும் சொன்னார். நாங்கள் போய்க் கேட்டதற்கு முப்பது பேர் தாளை எடுத்துக் காட்டி, "நீங்க கேட்ட பாட்டத்தானே போடறோம், பாட்டு இருந்தா அம்பத்திரண்டு வருதுல்ல?" என்றார். வந்த வழியே திரும்பி வந்து முறத்தின் முன் உட்கார்ந்தேன். வாயாடி என்று பெயர் வாங்கியவள் நான்.

8. பொன்னாயி அவர்களுக்கு இப்போது முப்பத்து மூன்று கிலோவுக்கு மேல் வருவதில்லை. கை தளர்ந்துவிட்டது என்று அறிவிப்பில் கண்டிருக்கிறது. அது உண்மை அல்ல. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நான் சத்தியமாகச் சொல்கிறேன். வெள்ளைக்காரர் பாடும்போது பொன்னாயி கை எல்லாரையும் விட வேகமாகப் போகிறது. அந்தக் கூட்டம் பதில் பாட ஆரம்பித்ததும் நின்றுவிடுகிறது. முறத்தில் விரல் அப்படியே இருக்கும், அவர் கேட்டுக்கொண்டிருப்பார். நாங்கள் பாட்டோடு வேலை செய்கிறோம். அவர் பாட்டைக் கேட்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

செய்யாத வழி இல்லை. வேலை பார்த்துக்கொண்டே கேட்கக் கூடாதா அக்கா என்று அழாத குறையாகக் கேட்டேன். "அவுங்க அத்தன பேரு பாடையில நான் மட்டும் குனிஞ்சுக்கிட்டா நல்லாவா இருக்கும் கண்ணு?" என்றார். நான் பொறுக்கிய கொட்டையை அவர் முறத்தில் தள்ளினேன். ரைட்டர் பார்த்துவிட்டு இருவருக்கும் அரை நாள் கூலி வெட்டினார். பாட்டே பிடிக்காத சின்னத்தாயிதான் வீட்டிலிருந்து பஞ்சு கொண்டுவந்து அவர் காதில் வைத்துவிட்டார். மத்தியானத்துக்குள் பொன்னாயி அதை எடுத்துவிட்டார். பஞ்சு குத்துகிறது என்று சாக்கு வேறு. சில நாள் எனக்கு அவர் மேல் ஆத்திரமாக வரும். சொந்தமென்று ஒரு வீடு இல்லாத மனுஷி இப்படியா இருப்பது என்று. பிறகு ஒப்பம் போட்ட என் கையைப் பார்த்துக்கொள்வேன்.

பாட்டையாவது நிறுத்துங்கள் என்று ரைட்டரிடம் கேட்டோம். நிறுத்துகிறேன், ஆனால் ஐம்பத்திரண்டு ஐம்பத்திரண்டுதான் என்றார். பாட்டு இல்லாமல் ஐம்பத்திரண்டு எங்களில் ஒருவராலும் முடியாது. இருந்தால் பொன்னாயிக்கு வேலை போகும், நின்றால் எல்லாருக்கும் போகும். இதில் எதைக் கேட்பது என்று தெரியாமல்தான் தங்கள் காலடிக்கு வந்திருக்கிறோம்.

9. 20-ஆம் தேதி அறிவிப்புப்படி வரும் 31-1-1992 அன்று பொன்னாயி பெயர் வெட்டப்படும். பிப்ரவரி 10-க்குள் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஆகவே ஐயா அவர்கள் அந்தத் தேதிக்குள் நேரில் வந்து விசாரித்து,

அ) ஒரு நாள் அளவைப் பழையபடி நாற்பது கிலோ ஆக்கவும்,

ஆ) (இந்த வரி மனுதாரரால் அடிக்கப்பட்டது. காரணம் கீழே.)

இ) பொன்னாயி அவர்களின் பெயரையும் வீட்டையும் காப்பாற்றித் தரவும்

பணிவோடு வேண்டுகிறோம்.

10. இந்தக் கடைசிப் பத்தியை ஒப்பங்கள் வாங்கிய பிறகு எழுதுகிறேன். அடித்த வரியில், ஐயா அவர்கள் சோதனைக்கு வரும் நாளில் கொட்டகையில் அந்தப் பாட்டைப் போடக் கூடாது என்று உத்தரவிடக் கேட்டிருந்தோம். பாட்டு இல்லாமல் எடை போட்டால்தான் எங்கள் கையின் உண்மையான அளவு தங்களுக்குத் தெரியும். அதை நம்பித்தான் வேண்டும் என்ற இருபத்தொன்பது பேரும் வேண்டாம் என்ற பதினெட்டுப் பேரும் இதே தாளின் பின்புறம் ஒப்பமும் ரேகையும் வைத்தார்கள். முதல் ரேகை சின்னத்தாயி. ஒரு மாதமாகப் பேசாதவர்கள் பஸ் நிறுத்தத்தில் ஒரே மைப் பெட்டியில் விரல் தோய்த்தார்கள்.

நேற்று பொன்னாயி அவர்களிடம் மனுவை வாசித்துக் காட்டி ரேகை கேட்டேன். ஆ) வரி வந்ததும் கையை இழுத்துக்கொண்டார். "ஏங் கண்ணு, அவுங்க பாட்டுக்குப் பாடறாங்க, அவுங்க மேல எதுக்குப் பிராது குடுக்கற? அவுங்களும் எங்கியோ ஒரு துரைக்குக் கூலிக்குப் பாடறவங்களாத்தான் இருப்பாங்க" என்றார். அவர்கள் மேல் அல்ல அக்கா, உங்களுக்காகத்தான் என்று எத்தனையோ விதமாகச் சொன்னேன். கேட்கவில்லை. அவர் முன்னாலேயே அந்த வரியை அடித்தேன். "அடிச்சாலும் அடியில எழுத்துத் தெரியுதே" என்று ரேகை வைக்காமலே போய்விட்டார். புதுத் தாளில் எழுதலாம் என்றால், தாளும் கையுமாக யாரைப் பார்த்தாலும் அன்றே சீட்டுக் கிழியும் என்று ரைட்டர் எச்சரித்திருக்கிறார். நாற்பத்தாறு பேரை இன்னொரு முறை கூட்ட என்னால் ஆகாது. பொன்னாயி ரேகை இல்லை என்பதற்காக மனுவைத் தள்ளிவிட வேண்டாம்.

அந்த வரி போனபின் இம்மனுவில் என்ன பலம் மிச்சம் என்று எனக்கும் தெரியும். தாங்கள் வரும் அன்று ரைட்டர் கட்டாயம் பாட்டைப் போடுவார். வேண்டாம் என்று நினைத்தாலும் எங்கள் கைகள் ஓடும், தராசு ஐம்பத்திரண்டு காட்டும். தயவுசெய்து அதை வைத்து முடிவு எழுதிவிட வேண்டாம். அந்தக் கூட்டம் பாட ஆரம்பித்ததும் மூன்றாவது வரிசையைப் பாருங்கள். ஒருவர் கை மட்டும் நின்றிருக்கும். ஐயா, பொன்னாயி அவர்தான்.

தங்கள் வருகைக்குக் காத்திருக்கும்,

ஸ். செல்வமேரி (ஒப்பம்)
மற்றும் பின்புறம் கண்டுள்ள நாற்பத்தாறு பேர்.

இடம்: கல்லோடை எஸ்டேட், கொட்டச்சேடு
நாள்: 24-1-1992