மாப்பிள்ளை குடிக்கவில்லை

குமாரபாளையம்
12.8.83

அன்பு மகள் சாரதாமணிக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்பால் சுகம், மனதால் நான் மட்டும் சுகமில்லை. நீ டில்லியில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாயா என்று எழுது.

ஆடிப் பதினெட்டுக்கு உன் தம்பி சின்னண்ணனை ஆட்டையாம்பட்டியில் மாமனார் வீட்டு விருந்துக்கு அனுப்பினோம் அல்லவா, அங்கே வயிறு முட்டச் சோறும் மைசூர்பாகும் ஜிலேபியும் போட்டிருக்கிறார்கள். விடிந்து எழப் பார்த்தால் காலும் வரவில்லை, கையும் வரவில்லை. நினைவு தெளிவாக இருக்கிறது, கண்ணீர் வருகிறது, விரலை அசைக்க முடியவில்லை. பயந்து போன அவன் பெண்டாட்டி ராசாத்தி கூப்பிட, சம்பந்தி மருதாசலம் வந்து பார்த்துவிட்டு, தெருவில் கூடிய சனத்திடம், மாப்பிள்ளை நல்லா ஊத்திட்டு உழுந்து கெடக்கறாரு, தெளிஞ்சா எந்திரிப்பாரு, போங்க போங்க என்றாராம். தறி எண்ணெய் வாடை தவிர வேறு வாடை அறியாத பிள்ளையை. புருசன் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகாத அந்தப் பெண், அவரு வாயில வாடையே இல்லீங்கப்பா, நான் ஆசுபத்திரிக்குக் கூட்டீட்டுப் போறேன், நீங்க வராட்டிப் போங்க என்று சொல்லி, பக்கத்து நூல் வண்டிக்காரரைக் கெஞ்சிச் சேலத்துக்குக் கொண்டு போயிருக்கிறாள். தகவல் வந்து நானும் உன் அப்பாவும் பஸ் பிடித்துப் போனோம்.

அங்கே ஒரு டாக்டரம்மா, சின்ன வயசுதான், தொண்டை வீக்கத்தைப் பார்த்து, முன்பே கை நடுங்குமா என்று கேட்டு, இரத்தம் எடுத்துச் சோதித்தார். உடம்பில் ஒவ்வொரு செல்லின் தோலிலும் பம்புகள் இருக்கின்றனவாம், சோடியத்தை மூன்று மூன்றாக வெளியே தள்ளி, பொட்டாசியத்தை இரண்டிரண்டாக உள்ளே இழுக்குமாம். தைராய்டு சுரப்பி அளவு மீறிச் சுரந்தால் இந்தப் பம்புகள் வெறி பிடித்த மாதிரி ஓடுமாம், நிறைய இனிப்பும் சோறும் தின்று படுத்தால் இன்னும் வேகமாம். இரத்தத்துப் பொட்டாசியம் செல்லுக்குள் போய்விட, மூளை சொல்வது தசைக்கு எட்டாதாம். பொட்டாசிய மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுத்தார்கள், சாயங்காலம் எழுந்து நின்றான். இப்போது தைராய்டுக்கு மாத்திரை. அது வேலை செய்யும் வரை இனிப்பு ஆகாது.

உன் மேலும் எனக்குக் கோபம்தான் சாமி. ஐந்து வருடமாக என்ன ஆராய்ச்சி என்று கேட்டால் சவ்வு, அயனி என்பாய், நானும் தலையாட்டுவேன். இந்தப் பம்பைத்தான் நீ படிக்கிறாய் என்பது ஆசுபத்திரி பெஞ்சில் உட்கார்ந்த பிறகு தெரிகிறது. பொங்கலுக்கு வந்தபோது அவன் இளைத்ததையும் கை நடுங்கியதையும் நீ பார்த்தாய், தினமும் பக்கத்தில் இருந்து நான் பார்த்தேன். தறி வேலைக் களைப்பு என்று விட்டேன். அதை நினைத்தால் மற்றவர்களைத் திட்ட வாய் வரவில்லை, ஆனாலும் திட்டுகிறேன்.

நேற்று மருதாசலம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, நடந்தது நடந்து போச்சுங்க சம்பந்தி, மறந்துருங்க என்றார். தெருவில் சொன்னதைத் தெருவிலேயே திருப்பிச் சொல்லுங்க, அப்புறம் உள்ள வாங்க என்றேன். முகம் சுண்டிப் போனார். உன் அப்பா விட்டுவிடு என்கிறார். ராசாத்தி மட்டும் அடுப்படியில் நின்று, விடாதீங்க அத்தை என்று கண்ணால் சொன்னாள்.

முருகன் அருளால் நீ நல்ல பெயரோடு படித்து முடிக்க வேண்டும், குளிருக்கு முன்பே கம்பளி வாங்கிக்கொள். ஒன்று மறக்காதே. உன் தம்பி குடிக்கவில்லை, பம்புதான் காரணம் என்று நல்ல தமிழில், பெரிய எழுத்தில் மருதாசலத்துக்கு எழுது. கவரில் போடாதே, கார்டில் எழுது. ஆட்டையாம்பட்டித் தபால்காரர் எதையும் படிக்காமல் கொடுக்க மாட்டார்.

உன் அம்மா,
கந்தம்மாள்