உன் அணி டொக்டருக்கு நான் அறிவித்தது

எசன்,
புதன்கிழமை

அன்புள்ள மகன் சாருஜனுக்கு,

இங்கே அப்பா, தங்கச்சி தேனுஜா, நான் மூவரும் சுகம். நீயும் சுகம் என்றுதான் சொல்வாய், இந்த முறை அதை நம்ப எனக்கு மனம் வரவில்லை. ஞாயிறு மாலை உன் அமெரிக்கன் ஃபுட்போல் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தோம், நீ பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட இரண்டு பேர் இரண்டு பக்கத்தாலும் வந்து மோதினார்கள். அப்பா "எழும்பிடுவான், எழும்பிடுவான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எழும்பினாய்தான், ஆனால் மற்ற அணியின் பக்கம் நடக்கத் தொடங்கினாய், உன் கூட்டாளி சட்டையில் பிடித்துத் திருப்பினான். தோளில்தான் அடி என்று அணிக்காரரிடம் சொன்னாயாம், திரும்பவும் ஓடினாய். திங்கட்கிழமை ஃபோனில் "தங்கச்சிக்கு அவுஸ்பில்டுங் கிடைச்சிட்டுதோ" என்று கேட்டாய். அவள் செப்டெம்பரிலேயே பல் வைத்தியரிடம் அந்தத் தொழிற்பயிற்சியைத் தொடங்கிவிட்டாள், முதல் நாள் படத்தை நீதான் கேட்டு வாங்கினாய். நீ பகிடி விடுகிறாய் என்று அவள் சிரித்தாள். திரும்பவும் கேட்டாய். மூன்றாம் தரம் கேட்டபோது ஃபோனை என் கையில் தந்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

கல்லூரியில் மூன்றாம் வருடமும் இப்படித்தான், தலையில் அடிபட்டு ஒரு கிழமை லைட் போடாமல் கிடந்ததை ஒரு மாதம் கழித்துத்தான் எனக்குச் சொன்னாய். "அம்மா, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, தெரிஞ்சா என்னை எடுக்கமாட்டினம்" என்றாய். நானும் வாயை மூடிக்கொண்டேன். டுசல்டோர்ஃப் கிளப்பில் விளையாடிப் பதினெட்டு வயதில் அமெரிக்காவுக்குப் போனவன், நாலு வருடம் கல்லூரிக்காக ஓடினாய், பெரிய அணிகள் ஆள் எடுக்கும் தெரிவில் ஒரு அணியும் உன் பெயரைச் சொல்லவில்லை, இரண்டு வருடம் பயிற்சிக்கு மட்டும் வைத்திருந்தார்கள், இந்த வருடம்தான் பந்தை வாங்கிக்கொண்டு ஓடும் ரன்னிங் பேக் இடம் உனக்கென்று வந்தது. எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் பேனாட் என்று ஒருவர் இருக்கிறார், முன்பு குத்துச்சண்டைக்காரர், அறுபத்தொரு வயதுதான், நான் சட்டைக்குப் பொத்தான் போட்டு முடிப்பதற்குள் என் பெயரை நாலு தரம் கேட்பார். நேற்று அவர் மூன்றாம் தரம் கேட்டபோது மிச்சப் பொத்தானை மற்றவளிடம் விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் தேனுஜாவைக் கொண்டு உன் அணி டொக்டருக்கு எழுதுவித்தேன். மூன்று தரம் கேட்டதையும் கல்லூரியில் நடந்ததையும் மறைக்கவில்லை. "அண்ணா இனி எங்களோட கதைக்கமாட்டான்" என்று அவள் அழுதாள், அனுப்பு என்றேன். இன்று காலை பதில் வந்தது, முழுதாகச் சோதித்து முடிக்கும்வரை உன்னை ஆட்டத்தில் இறக்கமாட்டார்களாம். அப்பா அதை வாசித்துவிட்டு வேலைக்குப் போனார், மத்தியானமே லீவு சொல்லித் திரும்பி வந்து எங்கள் இரண்டு பேரின் பாஸ்போர்ட்டையும் எடுத்து மேசையில் வைத்தார். சனிக்கிழமை வருகிறோம், அதற்கு முன்பே நீ வாசிக்க இதைப் படம் எடுத்து உன் ஃபோனுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். உன் இடத்தை இன்னொருவனுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று தெரியும், தெரிந்துதான் செய்தேன். டொக்டரிடம் உள்ளதைச் சொல்லு, நாங்கள் வரும்வரை கார் ஓட்டாதே, தனியாகப் படுக்காதே, கூட்டாளி ஒருவனை வீட்டில் நிற்கச் சொல்லு. என்னில் கோபமென்றால் ஃபோன் எடுத்து எவ்வளவும் ஏசு, எடுக்காமல் மட்டும் இருந்துவிடாதே. பிள்ளையார் உன் தலைமாட்டில் நிற்கட்டும்.

உன் அம்மா
கிரிஜா