ஒட்டிக்கொண்ட ரப்பர் வளையம்

அன்புள்ள அப்பாவுக்கு, வணக்கம். முழங்கால் வலி போய்விட்டது என்று நீங்கள் சொன்னதை நான் நம்பவில்லை, அம்மா சொல்லட்டும்.

இங்கே ஒர்க்‌ஷாப்பில் நான் எஞ்சின் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்றிய கார், மறுநாளே ஆயிலை ஒழுக்கிக்கொண்டு திரும்பி வந்தது. பக்கத்து மெக்கானிக்தான் பொறாமையில் எதையோ தளர்த்திவிட்டான் என்று அவனை முறைத்துக்கொண்டே திரிந்தேன்.

கடைசியில் அவனே ஃபில்டரைக் கழற்றி, "பழைய ஃபில்டரோட ரப்பர் வளையம் எஞ்சின்லயே ஒட்டியிருக்கு பாரு. அது மேலயே புதுசை மாட்டிட்டே" என்றான். அவன் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

முதலாளி கூப்பிடுகிறார். நம் காருக்கு ஆயில் மாற்றியவர் பழைய வளையத்தை எடுத்தாரா? ஆயில் சொட்டியிருக்கிறதா என்று பார்க்க, கார் நிற்கும் தரையைப் படமெடுத்து அனுப்புங்கள். வெறும் தரையை மட்டும் எடுக்க வேண்டாம்; நீங்களும் அம்மாவும் பக்கத்தில் நில்லுங்கள்.

உங்கள் மகன்