இருபத்தைந்தாவது நிமிடத்தில் றம்ஸான்

ஜூன் 11, 2025. புதன்

நேற்றுப் போயா, பௌர்ணமி விடுமுறை. நாள் முழுக்க ஜோர்ஜியப் படத்தோடு போயிற்று. கழுதையைத் தேடி மலை ஏறும் ஒருவனின் கதை. இதை உலகத்தில் நூறு பேர் பார்த்திருந்தாலே பெரிய காரியம். துருக்கி மொழியில் மட்டும் வசனவரி கிடைத்தது. அதைப் பிடித்துப் பிடித்துத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். யாருக்காக? திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில், ரியூஷன் நடக்கிற ரியூட்டரி மேல்மாடிக்கு ஞாயிறு பின்னேரம் நான் காட்டும் படம் பார்க்க வருகிற பதினொரு பேருக்காக.

இன்று நான் வேலை செய்யும் கப்பல் முகவர் அலுவலகத்துக்கு ஒரு பெண் வந்தார். மூதூர். பெயர் பரீனா. ஐம்பதைக் கடந்திருப்பார். கப்பலில் வேலை செய்கிற யாருடையதோ கடிதமாக்கும் என்று கதிரையைக் காட்டினேன்.

"தம்பி, நீங்க காட்டுற பழைய படத்துல எங்கட நானா இருக்காராம். ஒரு வாத்தியார் சொன்னவர்."

'கடைசி லோஞ்ச்'! எண்பத்தொன்பதில் கனகரத்தினம் மாஸ்டர் இரவல் வீடியோ கமராவில் எடுத்தது. மூதூருக்குப் போகும் கடைசி லோஞ்சை, அந்த மோட்டார்ப் படகைத் தவறவிட்டவன் இறங்குதுறையில் காத்திருக்கிறான், அவ்வளவுதான் கதை. நாற்பத்திரண்டு நிமிடம். எங்கேயும் ஓடாத படம். மாஸ்டர் ரொறன்ரோவில் காலமான பிறகு, மகள் நிவேதிகாவிடம் கசெற்றைக் கெஞ்சி வாங்கி, கொழும்பில் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றியவன் நான். கசெற்றைத் திருப்பி அனுப்பிவிட்டேன். படம் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. மாசியில் ஒரே ஒரு தடவை காட்டினேன்.

நானா, அதாவது அண்ணன், என்றது அதில் ரிக்கற் கிழிப்பவராக ஒரு நிமிடம் வருகிறவரை. றம்ஸான். தொண்ணூறாம் ஆண்டு ரவுணுக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. வீட்டிலிருந்த படங்கள் எல்லாம் 2006 சண்டை இடம்பெயர்வோடு போய்விட்டனவாம்.

"முகம் மறந்து போகுது தம்பி. மூக்கு ஞாபகம் இருக்கு. சிரிக்கிறதுதான் வருகுதில்ல."

பிறகு கேட்டார்: "அத போனுல அனுப்பி விடேலாதா?"

"போனில பாக்கிற படமில்ல அக்கா. ஞாயிற்றுக்கிழமை வாங்கோ. பெரிய திரையில காட்டுறன்."

தலையாட்டி, போன் இலக்கத்தைத் தந்துவிட்டுப் போனார். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஜூன் 13, வெள்ளி

ஜோர்ஜியப் படம் தள்ளிவைப்பு. ஞாயிறு 'கடைசி லோஞ்ச்' என்று எல்லோருக்கும் செய்தி போட்டேன்.

ஜூன் 14, சனி

டிஸ்க் வேலை செய்யவில்லை.

காலையில் சொருகினேன். டிக், டிக், டிக். பிறகு ஒன்றுமில்லை. வயரை மாற்றினேன். வேறு கணினி. அலுவலகத்துக்கு ஓடிப்போய் அங்கேயும் பார்த்தேன். டிக், டிக். ரவுணில் இரண்டு கடைக்காரர் காதில் வைத்துக் கேட்டுவிட்டுத் திருப்பித் தந்தார்கள். அறுநூறு படம் உள்ளே இருக்கிறது. அறுநூறும் போகட்டும். அந்த ஒன்று?

இன்னொரு பிரதி ஏன் எடுத்து வைக்கவில்லை? எடுத்தால் யாராவது கேட்பார்கள். கேட்டால் கொடுக்கவேண்டி வரும். வேறு காரணமே இல்லை.

பரீனா அக்காவுக்குப் போன் எடுக்க நாலு தரம் பார்த்தேன். ஏலாமல் போச்சு.

ஜூன் 15, ஞாயிறு

அவர் வந்தார். மகளோடு, மத்தியான லோஞ்சில். புதுச்சேலை. எல்லோருக்கும் என்று ஒரு டப்பா தொதல் இனிப்பு. முன்வரிசையில் நடுக்கதிரையில் இருந்தார்.

படிக்கட்டிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எல்லோரும் இருந்தபிறகு முன்னால் போய் நின்று, டிஸ்க் பழுதாகிவிட்டது என்றேன். ஏதோ மின்சாரம் போனதைச் சொல்வதுபோல.

"அப்ப எப்ப சரிவரும் தம்பி?"

"தெரியாது அக்கா."

"வேற ஆக்களிட்ட இல்லையா?"

"இல்ல."

கொஞ்ச நேரம் வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள்தான் எழும்பினாள். "வாங்க உம்மா, லோஞ்ச் போயிரும்."

தொதலைத் திருப்பிக் கொண்டுபோகவில்லை. எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள், கடதாசியில் சுற்றிப் பைக்குள் வைத்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

கசெற் இன்னும் இருக்கிறதா என்று கேட்டிருந்தேன், நிவேதிகா பதில் போட்டிருக்கிறாள். போன வருடம் நிலவறைக்குள் வெள்ளம் புகுந்து அப்பாவின் பெட்டிகள் எல்லாம் ஊறி, எறிந்தாயிற்றாம். 'அதுதான் உங்களிடம் இருக்கிறதே அண்ணா, எனக்கும் ஒன்று அனுப்புங்கோ' என்று முடித்திருக்கிறாள். போன வருடமும் இதையே கேட்டாள். பார்ப்போம் என்றிருந்தேன்.

ஜூன் 19, வியாழன்

லீவு போட்டுவிட்டு டிஸ்க்கோடு கொழும்பு. கொடுத்த இடத்தில் திறந்து பார்த்தார்கள். உள்ளே தட்டு முழுக்கச் சுரண்டுப்பட்ட வளையம். "ஒண்டும் எடுக்கேலாது ஐயா. திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்திருக்கிறீங்கள், அதாலதான் இவ்வளவு."

நானேதான். சனிக்கிழமை முழுக்க இருந்து நானே சுரண்டியிருக்கிறேன்.

பஸ்ஸில் வழி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எறிய மனமில்லை. எதற்கு? பிணத்தைக் கொண்டுவருவதுபோல.

ஜூன் 21, சனி

சாப்பாடு செல்லவில்லை. கச்சான் காற்று கதவை அடித்தபடியே இருக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

இன்று காட்சி வைக்கவில்லை.

அவர் கேட்டது போனில் அனுப்பச் சொல்லி. இரண்டு நிமிட வேலை. புதன்கிழமை அனுப்பியிருந்தால் புதன்கிழமையே அந்த மனுசி தன்ர நானாவைப் பார்த்திருக்கும். என்ர திரை, என்ர ஞாயிற்றுக்கிழமை, என்ர பதினொரு பேர்… சீ.

காலையில் இருந்து ஒரு பெயர் மண்டைக்குள் நிற்கிறது. றுமைஸ்.

கிண்ணியாவில் ஆசிரியர். மூன்று வருடம் ஒரு ஞாயிறும் தவறாமல் வந்தவர். மாசியில் இந்தப் படம் ஓடும்போது போனில் பதிவு செய்துகொண்டிருந்தார். எல்லோருக்கும் முன்னால் பறித்தேன். கள்ளவேலை என்றேன். என் கண்முன்னே அழிக்கவைத்தேன். "நல்ல படமெண்டு நாலு பேருக்குக் காட்டத்தானே எடுத்தன்" என்றார். அதற்குப் பிறகு வரவில்லை.

அழித்ததை நானே பார்த்தேன். பிறகென்ன? ஆனாலும் வேறு யாரிடம் போக?

ஜூன் 24, செவ்வாய்

பாலம் தாண்டிக் கிண்ணியாவுக்குப் போனேன். பாடசாலை விடும் நேரம் வாசலில் நின்றேன். என்னைக் கண்டதும் றுமைஸ் சைக்கிளை நிறுத்தினார், ஆனால் இறங்கவில்லை.

மன்னிப்புக் கேட்கத்தான் முதலில் நினைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் டிஸ்க், பரீனா, கொழும்பு எல்லாம் ஒரே மூச்சில் கொட்டுப்பட்டது. கடைசியில்தான், "நான் உங்களுக்குச் செய்தது பிழை" என்றேன்.

"தேவைப்பட்டதால சொல்றீங்களா?"

"ஓம். தேவைப்பட்டதாலதான் வந்தனான். ஆனா பிழைதான்."

சைக்கிளிலிருந்து இறங்கினார். "அழிச்சது போன்ல குப்பைக்குள்ள கிடக்கும், தர்சன் அண்ணன். படிக்கட்டு இறங்கமுந்தித் திருப்பி எடுத்திட்டன்."

சைக்கிள் கைபிடியைப் பிடித்துக்கொண்டேன்.

மூதூரிலிருந்து வரும் ஒரு ஆசிரியருக்கு ஓய்வறையில் காட்டியிருக்கிறார். றம்ஸானை அடையாளம் கண்டது அவர்தான். "அந்தப் பரீனா ராத்தாவுக்கு உடனே அனுப்பப் பாத்தன். ஆனா இதுல வடிவாத் தெரியாது. உங்களிட்ட நல்ல பிரதி இருக்கே, அங்க போகச் சொன்னன்."

என்னை நம்பித்தான் அனுப்பியிருக்கிறார்.

மரநிழலில் நின்று பார்த்தோம். சரிந்த படம். கீழே யாரோ ஒருவரின் மண்டை. இருபத்தைந்தாவது நிமிடத்தில் றம்ஸான் வருகிறார், ரிக்கற் கட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, காத்திருப்பவனைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரிக்கிறார். என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை. என் சத்தம்தான் கேட்கிறது. திரைக்குப் பக்கத்தில் நின்று, அந்தக் கமரா யாருடையது, வெளிச்சத்துக்கு என்ன செய்தார்கள் என்று விளக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு நிமிடம் முழுக்க. அவர் போனதும் நானும் நிறுத்துகிறேன். இரண்டு நிமிடம் கழித்து என் கை வந்து எல்லாவற்றையும் மூடுகிறது.

"எனக்கு அனுப்பவா?" என்றார் றுமைஸ்.

"எனக்கில்ல. அவவுக்கு அனுப்புங்கோ."

"நீங்களே கொண்டுபோங்க. அதுதான் முறை."

ஜூன் 28, சனி

மூதூர். முன்னறையில் மகள் பாயை விரித்துப் போனைத் தேத்தண்ணிக் கோப்பையில் சாய்த்து வைத்தாள். பரீனா அக்கா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டார்.

றம்ஸான் வந்ததும் போனுக்குக் கிட்டக் குனிந்தார். முடிந்ததும் "திருப்பி" என்றார். அப்படி ஏழெட்டுத் தரம்.

"பல்லுல ஒரு இடைவெளி. பாத்தியாடி? ஒனக்கு இருக்கிற அதே இடைவெளி." மகள் வாயை மூடிக்கொண்டாள்.

பிறகு என்னைப் பார்த்தார். "நானா என்ன கதைக்கிறார்? உங்கட சத்தம்தான் கேக்குது."

நிலத்தைப் பார்த்தபடி சொன்னேன். வசனம் எனக்கு மனப்பாடம். "'லோஞ்ச் போயிட்டுது தம்பி. கடல் எங்கயும் போகாது, காலையில வா' எண்டு சொல்றார் அக்கா."

"இல்ல, அப்பிடி இழுக்கமாட்டார்." அவர் நிமிர்ந்திருந்தார். "லோஞ்ச் போயிட்டு தம்பி. கடலெங்கயும் போவாது. காலைல வா." படபடவென்று, கடைசிச் சொல்லில் சிரிப்போடு. சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டுப்போனார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

மகள் தாயின் பக்கத்தில் போய் அமர்ந்தாள்.

வெளிக்கிடும்போது மகள் கேட்டாள், "இத எங்கட ஆக்களுக்கு அனுப்பலாமா?"

"என்னட்டக் கேக்கத் தேவையில்ல பிள்ளை."

ஜூலை 6, ஞாயிறு

றுமைஸ் வந்தார். ஜோர்ஜியப் படம் ஓடியது. நான் பின்வரிசை. ஒன்றும் விளக்கவில்லை.

ஜூலை 19, சனி

தெரியாத கட்டார் இலக்கத்திலிருந்து ஒரு வீடியோ. மேலே 'பலமுறை பகிரப்பட்டது' என்று இருந்தது. கீழே, 'எங்கட பெரிய மாமா, மூதூர், 1989. தெரிஞ்ச ஆக்கள் இருந்தால் சொல்லுங்க.'

சரிந்த அதே படம்தான். வெட்டி ஒரு நிமிடமாக்கியிருக்கிறார்கள். றம்ஸான் ரிக்கற் கட்டைப் பைக்குள் வைக்கிறார். யாரோ என் சத்தத்தை முழுக்க எடுத்துவிட்டிருந்தார்கள். அவர் வாய் மட்டும் அசைகிறது. பிறகு சிரிக்கிறார்.

நிவேதிகாவுக்கு அனுப்பினேன். பிறகு போனில் இருந்த எல்லோருக்கும்.