அத்தானின் நேர்த்தியும் என் பியரும்

2007 ஜனவரி 14, ஞாயிறு

எவரும் நம்பப்போகாத ஒரு சரித்திரத்தை இன்று தொடங்குகிறேன். எழுதுகிறவன் அம்புறோஸ். பகலில் மொன்றியல் துறைமுகத்தில் பெட்டி ஏற்றுகிறவன். மிச்ச நேரம் நகரத்து ஓரத்தில் இருக்கிற பியர்பொன்ட்ஸ் பேஸ்மென்ட் சமஸ்தானத்தின் மகாராஜா. மேல்வீட்டு ராச்சியம் என் அக்கா பிலோமினம்மாவுடையது.

இன்று பியர் போட்டேன். ஒரு டின் பார்லிப் பாகு, சீனி, சுடுதண்ணீர், ஒரு பக்கற் ஈஸ்ட். வாளியை மூடியபோது சென் லோரன்ஸ் ஆறே பயந்து ஓடாமல் நின்றது. (ஜனவரியில் அது உறைந்துதான் நிற்கும். அது வேறு விஷயம்.)

அக்காவுக்குச் சொன்னது: இஞ்சிச் சோடா.

ஜனவரி 16

மூடியில் செருகிய குழாயால் குமிழி வருகிறது. பிளக், பிளக். அந்தச் சத்தத்துக்கு அத்தான் இறங்கி வந்தார்.

அத்தான் செபமாலை, அக்காவின் புருஷன், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். முன்பு குடித்தவர். குடித்தால் கோப்பை, கதவு, அக்கா என்று வித்தியாசம் பாராமல் அடித்தவர். மகள் தனுஷா பிறந்த வருடம், மலையில் இருக்கிற சூசையப்பர் கோயில் படிகளை முழங்காலில் ஏறி, நேர்த்தி வைத்து நிறுத்தினார்.

"அம்புறோஸ், இது இஞ்சிச் சோடா இல்லை."

"இல்லை அத்தான்."

"பறவாயில்லை. நான் குடிக்கேல்லைத்தானே. சத்தத்தைக் கேக்கிறன்."

கதிரையை வாளிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு இருந்தார்.

ஜனவரி 21

தினமும் வந்து இருக்கிறார். குமிழியை எண்ணுகிறார். பொறுக்கமுடியாமல் இன்று வாயைக் கொடுத்தேன்.

"சூசையப்பரிட்டை என்னெண்டு சொன்னனீங்கள் அத்தான்? சரியாச் சொல்லுங்கோ."

"கடையிலை விக்கிற குடியை இனித் தொடமாட்டன் எண்டு."

"அப்ப என்ன பிரச்சினை? இது வீட்டுச் சாமான். அவரும் தச்சர்தானே, கையாலை செய்ததை மதிப்பார்."

அத்தான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இந்த வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. என் பகிடிகளுக்கு வத்திக்கான் தனியாக ஒரு மந்திரி போடவேண்டும்.

ஜனவரி 28

போத்தல்களில் அடைத்தாயிற்று. இனிப் பொறுமை.

பெப்ரவரி 10

முதல் போத்தலைத் திறந்தேன். வாசத்துக்கு டவுன்டவுன் வரைக்கும் பிணங்கள் எழும்பியிருக்கும்.

பின்பு போத்தல் அடுக்கைப் பார்த்தேன். முன்வரிசை அணிவகுப்புப்போல நிற்கிறது. பின்வரிசையைக் காணவில்லை. எலி என்று எழுதலாம். ஆனையளவு எலி, மூடி திறக்கத் தெரிந்த எலி.

அத்தானிடம் கேட்டேன்.

"நீர்தானே சொன்னீர், அவர் மதிப்பார் எண்டு."

இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

பெப்ரவரி 11

அக்காவுக்குச் சொல்லவேண்டும். எப்பிடிச் சொல்லுறது? சொன்னா என்னைத்தானே முதல் வீட்டை விட்டுக் கலைப்பாள். மிச்சத்தையாவது ஊற்றிவிடலாம் — மனம் வரவில்லை. என் கையால் செய்த முதல் பியர்.

நாளைக்கு.

பெப்ரவரி 12

நாளைக்கு.

பெப்ரவரி 16, வெள்ளி

காலையில் அத்தானின் பஸ் சறுக்கி, பனிக்குவியலில் ஏறி நின்றது. உள்ளே பிள்ளைகள். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. ஒருவருக்கும் ஒன்றுமில்லை. பொலிஸ் அவரை ஊதச் சொன்னது. லைசென்ஸ் போயிற்று.

பெப்ரவரி 18

உடுப்புத் தோய்க்கிற தொட்டியில் அக்கா போத்தல் போத்தலாக ஊற்றினாள். ஏசவில்லை. ஏசியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பகிடி விட்டிருப்பேன்.

"அவர் எல்லாம் சொல்லிப்போட்டார். சூசையப்பர் மதிப்பார் எண்டு நீ சிரிப்புக் காட்டத்தான் சொன்னனீ எண்டு எனக்குத் தெரியும்," என்றாள். "அவர் அழுதழுது ஏறின படியடா அது. நானும் பின்னாலை ஏறினனான், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு."

மேலே தனுஷா தகப்பனிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். அவளுடைய பிரெஞ்சு எனக்கு விளங்காது. அவருக்கு விளங்கியது. கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

மார்ச் 25, ஞாயிறு

துறைமுகப் பக்கம் ஒரு அறை எடுத்துப் போய்விட்டேன். இன்று என்னிடம் இருந்த கதவுத் திறப்பைத் திருப்பிக் கொடுக்க பியர்பொன்ட்ஸ் போனேன். பஸ்ஸால் இறங்க, மூலையில் இருக்கிற டெப்பனர் சில்லறைக் கடைக்குள்ளிருந்து அத்தான் வந்தார். கையில் ஒரு பெட்டி பியர். மறைக்கவுமில்லை.

"உம்மடை சாமான் முடிஞ்சுதே," என்றார். "பேந்து என்ன செய்யிறது."

அக்கா கதவைச் சங்கிலியோடு திறந்து, கையை மட்டும் நீட்டித் திறப்பை வாங்கினாள். முகத்தில் பாதியைக் கதவு மறைத்தது. "சங்கிலியைக் கழட்டு அக்கா," என்றேன்.

"குளிருது. நீ போ தம்பி."

திரும்பி வரும் பஸ்ஸில் இதை எழுதுகிறேன். இந்தச் சரித்திரத்தில் நான் அளந்த பெருமை எல்லாம் புளுகு. ஒரு சின்ன விஷயம் மட்டும் மெய். அந்தப் பியர் உண்மையிலேயே நன்றாக வந்திருந்தது. பழுதாய்ப் போயிருந்தால், அத்தான் முதல் மிடறோடு துப்பிவிட்டு மேலே போயிருப்பார்.