யார் வீட்டுச் சீர் அந்தச் சடைக் கம்பளி

காலையில் தூறல் விழுந்துகொண்டிருந்தபோது வாசலைத் தாண்டி ஒரு செம்மறி மந்தை போயிற்று. நனைந்த மயிரின் வீச்சம் அடுப்படி வரைக்கும் வந்தது. உடனே உங்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது. நீங்கள் போய்ச் சேர்ந்து இத்தனை வருஷம் ஆகியும் அந்த வாடை பட்டால் முதலில் கோபம்தான். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

நான் சந்தேகப் பிராணி என்று ஊரே சொல்லும். இருந்துவிட்டுப் போகிறேன். நீங்கள் பட்டாளத்தில் லாரி ஓட்டிய ஐந்து வருஷத்தில், உங்களுக்குப் போகும் கடிதத்தை அடுத்தவர் எழுதித் தரக் கூடாது என்றுதானே நான் எழுத்தே கற்றுக்கொண்டேன்? உலகச் சண்டை முடிந்து நீங்கள் வந்து இறங்கியபோதும் உங்கள் முகத்தை நான் முதலில் பார்க்கவில்லை. இரும்புப் பெட்டியின் மேல் சுருட்டிக் கட்டியிருந்த மூட்டையைத்தான் பார்த்தேன். நம் மகளுக்கு அப்போது ஏழு வயது. "அப்பா ஆடு கொண்டாந்திருக்காரு!" என்று கத்தினாள்.

அவிழ்த்து முன்கூடத்தில் விரித்தீர்கள். வெள்ளை வெளேரென்று, விரல் நீளத்துக்குச் சடை சடையாக மயிர். கிரேக்க தேசத்துக் கம்பளியாம். ஏதோ ஒரு பேர் சொன்னீர்கள், என் வாயில் நுழையவில்லை. சித்திரை வெயிலில் கம்பளியை விரித்து வைத்தால் யார் உட்காருவார்கள்? பார்க்க வந்தவர்கள் சுவரோரமாக ஒண்டிக்கொண்டு நின்றார்கள். "கரடித் தோலுங்களா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நீங்கள் பெருமையாகச் சொன்னீர்கள். "இல்லங்க. அங்கிட்டு பொண்ணக் கட்டிக் குடுக்கயில இதத்தான் சீரா அனுப்புவாங்க. ஆத்தாளும் மகளும் ஒக்காந்து நெய்வாங்க."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். நம் பக்கத்தில் சீர்ச் சாமான் பெண்ணோடுதான் வாசற்படி தாண்டும். பெண் இல்லாமல் தனியாக எந்தச் சீர் எந்த ஆம்பிளையோடு போயிருக்கிறது? சீர் வந்துவிட்டது, பெண் எங்கே இருக்கிறாள் என்று யோசிக்க ஆரம்பித்தேன். உங்களுக்கு அங்கே ஒரு குடும்பமே இருப்பதாக மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்தது. நீங்கள் டவுனுக்குப் போயிருந்த நாளில் கம்பளியைத் தூக்கிக்கொண்டு போய், மடையில் தண்ணீர் சீறிப் பாயும் இடத்தில் கயிற்றால் கட்டிப் போட்டேன். அரை நாளில் நைந்து நாராகிவிடும், அலசப் போட்டேன் கிழிந்துபோயிற்று என்று சொல்லிவிடலாம் என்பது என் திட்டம். இழுத்துப் பார்த்தால், அந்தப் பாழாய்ப்போன கம்பளி முன்னைவிடப் புசுபுசுவென்று கிளம்பியிருந்தது! நீங்கள் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தீர்கள்.

"அவங்களும் இப்புடித்தான் புள்ள. நெய்து முடிச்சு ஆத்துச் சுழியில போட்டு அடிக்க விடுவாங்க. அப்பத்தான் சடை எந்திரிக்கும். ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

வேலியில் காயப்போட்டபோது அடிப்பக்க மூலையில் சிவப்பு நூலில் நாலைந்து எழுத்து தெரிந்தது. நான் கற்ற எழுத்து எதுவும் அதில் இல்லை.

"இது என்னங்க?"

"அந்தப் பொண்ணு பேரு."

"எந்தப் பொண்ணு?"

உங்கள் சிரிப்பு நின்றுபோயிற்று. "அவ செத்துப்போனா புள்ள. சண்டைக்காலத்துப் பஞ்சத்துல. அவ கல்யாணத்துக்குன்னு நெய்து வச்சிருந்தது. அவ ஆத்தா எங்க லாரிகிட்ட வந்து என் கையில திணிச்சுட்டா. நான் ரெண்டு ரொட்டி குடுத்தேன். அம்புட்டுத்தான்."

"ரெண்டு ரொட்டிக்கு எந்த ஆத்தாங்க மக சீரத் தூக்கிக் குடுப்பா? கதை விடுறதுக்கும் ஒரு அளவு வேணாம்?"

மறுநாளே மகளைக் கூட்டிக்கொண்டு குளத்தூரில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டேன். மூன்று மாதம் கழித்து நீங்கள் வந்து நின்று, "வா, போவோம்" என்றீர்கள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. தப்புச் செய்யாத மனுஷன் இப்படியா பேசாமல் இருப்பான் என்று அதற்கும் சந்தேகப்பட்டேன். மகள் உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றதால்தான் கூட வந்தேன். அதன் பிறகு நம் சண்டை குழம்பில் உப்பு கூடியதில் ஆரம்பித்தாலும், "எந்த ஆத்தா குடுப்பா?" என்பதில்தான் போய் நிற்கும்.

அப்புறம் அந்த விஷக் காய்ச்சல் வந்தது. நாலே நாள். நம் மகளுக்குப் பத்து வயதுகூட முடியவில்லை.

அவள் பிறந்ததிலிருந்து சீருக்கென்று ஒவ்வொன்றாக நான் சேர்த்த பாத்திரமெல்லாம் உள்ளறையில் இருந்தது. காரியம் முடிந்த பிறகும் அந்த அறைப் பக்கம் என்னால் திரும்ப முடியவில்லை. ஒரு காலையில் ஜெகதாப்பட்டினத்துக் கருவாட்டுக்காரி கூடையோடு வாசலில் நின்றாள். முன்பின் பார்த்திராத பொம்பளை. நான் உள்ளே போய்ப் பித்தளைத் தவலையையும் குடத்தையும் குத்துவிளக்கையும் தூக்கிவந்து அவள் முன்னால் வைத்தேன். அவள் மிரண்டுபோனாள்.

"ஆத்தா, இது யாரு வீட்டுச் சாமானுங்க? எனக்கு வம்பு வேணாம்."

"எடுத்துக்கிட்டுப் போயிரு. இங்க இருக்கக் கூடாது" என்று அவள் கையில் திணித்தேன்.

சும்மா வாங்கக் கூடாது என்று இரண்டு கை கருவாட்டை அள்ளிப் படியில் வைத்துவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். நான் நிமிர்ந்தபோது நீங்கள் நிலையருகே நின்றிருந்தீர்கள். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறீர்கள். மூன்று வருஷமாக நான் உங்களைக் குத்திக் குத்திக் கேட்டதை அன்றைக்கு என்னிடம் ஒரே ஒரு தடவை திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. குனிந்து அந்தக் கருவாட்டைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனீர்கள்.

அதன் பிறகும் நாம் எத்தனையோ வருஷம் சேர்ந்து இருந்தோம். கம்பளி முன்கூடத்திலேயே கிடக்கிறது, அதில் யாரையும் செருப்புக் காலோடு ஏற விடுவதில்லை நான். அந்தப் பேச்சையும் மறுபடி எடுக்கவில்லை. ஆனால் "ஒங்கள நம்புறேங்க" என்று வாயைத் திறந்து ஒரு நாளும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன, உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொள்கிறேன். எனக்கு அதிலும் சந்தேகம்தான்.